மானே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு!

“ரப்பர் பூட்ஸ் போட்டாச்சா? கையுறை?”

ஏதோ ஆபரேஷன் தியேட்டருக்குள் போவது மாதிரிதான் கேட்டார் பக்கத்து வீட்டுப் பெரியவர். போகப்போவது விஸ்கான்சினில் அவருக்குச் சொந்தமான நாற்பது ஏக்கர் காட்டுக்கு. செய்யப்போவது, மரங்களில் மூன்று கேமராக்களைக் கட்டுவது. அவ்வளவுதான் என்று நினைத்துக் கிளம்பினேன். என் சட்டையை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். காலையில் தாளித்த வெங்காயம் அதில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வாசனை மான் மூக்குக்கு எட்டாதபடி என்னைச் சுற்றுவழியில் கூட்டிப்போனார்.

ஆகஸ்ட் மாத நண்பகல். மான்கள் நிழலில் படுத்து அசைபோடும் நேரம். திருட்டுத்தனமாக உள்ளே போய்வர இதுதான் தோது. இங்கே வெண்வால் மான் என்றால் சும்மா இல்லை, மாநிலத்தின் காட்டு விலங்கே அதுதான். நவம்பரில் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி வேட்டை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். பக்கத்து வேட்டைக்காரர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக எல்லோரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு உடுப்பு போட்டாக வேண்டும். 2016 முதல் பளீர் இளஞ்சிவப்புக்கும் அனுமதி உண்டு. மான் கண்ணுக்கு ஆரஞ்சு அப்படியொன்றும் எடுப்பாகத் தெரியாதாம். அது கொடுத்துவைத்தது.

அந்த ஒன்பது நாளுக்கான உளவு வேலைதான் ஆகஸ்டிலேயே ஆரம்பிக்கிறது.

கேமராப் பெட்டி டிபன் பாக்ஸ் அளவு. உள்ளே எட்டு பென்சில் பேட்டரி. குளிரில் சாதா பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும் என்பதால் லித்தியம். முன்பக்கம் வெப்பம் உணரும் கண்: சுற்றுப்புறத்தை விடச் சூடான ஏதோ ஒன்று நகர்ந்தால் போதும், கேமரா விழித்துக்கொள்ளும். இரவில் ஃபிளாஷ் அடிக்காது, அகச்சிவப்பு ஒளிதான். அதிலும் இரண்டு ரகம். ஒன்றில் லேசாகச் சிவப்புத் தணல் தெரியும், படம் பளிச்சென்று விழும். இன்னொன்றில் எதுவுமே தெரியாது, படம் கொஞ்சம் மங்கல். எது தேவலை என்று இரண்டு வேட்டைக்காரர்களைக் கேட்டுவிடாதீர்கள், ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும்.

பெரியவர் ஒற்றையடித் தடத்தைக் காட்டினார். எனக்குப் புல்தான் தெரிந்தது. அவருக்கு அதில் நேற்று போன ஒரு குடும்பமே தெரிந்தது. நான் ஆர்வக்கோளாறில் தடத்துக்கு நேர்குறுக்கே கேமராவைக் கட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். அப்படிக் கட்டினால் கேமரா விழிப்பதற்குள் மான் கடந்துபோய்விடும், வால் மட்டும்தான் மிஞ்சுமாம். தடத்துக்குச் சாய்வாகக் கட்ட வேண்டும். வடக்கு பார்த்து இருந்தால் விசேஷம். இல்லையென்றால் காலையும் மாலையும் சூரியன் நேராக லென்ஸுக்குள் இறங்கி எல்லாப் படத்தையும் வெளுத்துவிடும்.

பிறகு நடந்ததுதான் அன்றைய உச்சகட்டம். அறுபத்தைந்து வயது மனிதர் மண்டியிட்டு, கைகளை ஊன்றி, நாலு காலில் தடத்தில் நடந்தார். சோதனை நிலையில் இருக்கும் கேமரா, மான் உயரத்தில் அசைவைப் பார்த்தால் சின்ன சிவப்பு விளக்கை மினுக்கும். மினுக்கியது. “இப்போ நீ,” என்றார். நானும் நடந்தேன். நல்லவேளை, சோதனை நிலையில் படம் பதிவாகாது.

இந்த விளையாட்டுக்கு ஒரு தாத்தா உண்டு: ஜார்ஜ் ஷைரஸ். பென்சில்வேனியாக்காரர், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். விஸ்கான்சினை ஒட்டிய மிச்சிகன் மேல் தீபகற்பக் காடுகளில் துப்பாக்கியை ஓரம் வைத்துவிட்டு கேமராவை எடுத்தார். குறுக்கே கட்டிய கயிற்றில் மான் கால் பட்டதும் மக்னீசியம் தூள் பளீரென்று வெடிக்கும், மான் தன்னைத்தானே படமெடுத்துக்கொள்ளும். 1906 ஜூலை நேஷனல் ஜியாகரபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. இன்றைய பெட்டி சத்தமில்லாத ஷைரஸ். என்ன ஒரு வேடிக்கை, அவர் துப்பாக்கியை விட்டு வந்த வழியிலேயே இவர்கள் துப்பாக்கியை நோக்கித் திரும்பிப் போகிறார்கள்.

மூன்று வாரம் கழித்து மெமரி கார்டுகளை எடுத்துவந்து சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்தோம். முதல் கேமரா: காலி. கடைசியில் சோதனை நிலையிலிருந்து மாற்ற மறந்தவன் நான்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டாவது: வெயிலில் காய்ந்து காற்றில் ஆடும் ஒரே ஒரு கிளை, நூற்றுக்கணக்கான கோணங்களில். வெட்டாமல் விட்டதன் பலன். மூன்றாவதில்தான் காடு திறந்தது. ரக்கூன், வான்கோழிப் படை, குட்டியோடு ஒரு பிணைமான், பிறகு லென்ஸ் முழுக்க ஒரு கறுப்பு மூக்கு. கரடி! அடுத்த படத்தில் வானம். அதற்கடுத்ததில் தரை.

கீழே விழுந்த கேமரா பாதித் தூக்கத்தில் எடுத்த படத்தில்தான் அவன் வந்தான். கொம்பின் மேல் வெல்வெட் தோல் இன்னும் உரியவில்லை. இடக்கொம்பு கீழ்நோக்கி வளைந்திருந்தது. புலிக்கு வரி எப்படியோ அப்படித்தான் கலைமானுக்குக் கொம்பு, ஆளை அடையாளம் காட்டிவிடும். நம் ஊரிலும் புலிக் கணக்கெடுப்புக்கு இதே ஜாதிப் பெட்டிதான், ஆனால் மானைச் சுட அல்ல, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. யானைக்கு அரிக்கொம்பன் என்று பெயர் வைத்த ஊர்க்காரன் சும்மா இருப்பேனா? கோணக்கொம்பன் என்று பெயர் வைத்தேன். பெரியவர் நாக்கு சுளுக்கி ‘கோனா’ என்று சுருக்கிக்கொண்டார்.

இப்போது படத்தை அந்த நொடியே கைபேசிக்கு அனுப்பும் கேமராவும் வந்துவிட்டது. அது வேட்டையா, வீட்டு வாசலுக்கு வரவழைப்பதா என்று பெரிய சண்டை நடக்கிறது. அரிசோனா 2022 ஜனவரியிலிருந்து வேட்டைக்குக் கைபேசி ரகம் மட்டுமல்ல, இந்த மாதிரி எல்லாக் கேமராக்களையுமே தடை செய்துவிட்டது. பெரியவர் கைபேசி ரகத்தைத் தொடமாட்டார். கார்டைக் கழற்றி எடுத்துவந்து, காபி போட்டு, மேஜையில் உட்கார்ந்து திறக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இத்தனை பாடும் என்பார். நானும் அந்தக் கட்சிதான்.

நவம்பரில் ஒன்பது நாளும் பரணில் உட்கார்ந்தார். பகலில் கோனா வரவே இல்லை. கார்டைத் திறந்தோம்: ஞாயிறு இரவு 2:13, பரணுக்கு நேர் கீழே, கழுத்தை நீட்டிக் கேமராவைப் பார்த்தபடி. இரவில் சுடுவதற்கு அனுமதி கிடையாது.

குளிர்காலத்தில் கொம்பு உதிர்ந்துவிடும். அடுத்த ஆகஸ்டில் புதுக் கொம்போடு வந்தால் அவனை அடையாளம் சொல்ல வேண்டியது என் பொறுப்பாம். கேமராவை மறக்காமல் ஆன் செய்வது, அவருடைய பொறுப்பு.