வாரக் கடைசியில் சற்று இளைப்பாறுவோம்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கல்லூரியிலிருந்து வந்த என் மகளிடம், அவள் பையை இறக்கி வைக்கும் முன்பே, "டெஸ்ட் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன். பதில் சொல்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவு சாப்பிடவும் வரவில்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. படுத்த பிறகு என் கல்லூரி நாட்கள் நினைவுக்கு வந்தன. தவறு என் பக்கம் என்று புரிந்தது.

நான் பிறந்து வளர்ந்தது முதலமடை. பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி, மாந்தோப்புகள் சூழ்ந்த ஊர். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வளர்ந்தவன் நான். பாலக்காட்டில் இருந்த கல்லூரிக்கு அந்நாளில் மீட்டர் கேஜ் ரயிலில்தான் போய் வருவேன். (அந்தப் பொள்ளாச்சிப் பாதை 2015-இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது.) வாரக் கடைசியில் டவுன் ஸ்டேஷனில் வண்டி ஏறி, புதுநகரம், கொல்லங்கோடு தாண்டி எங்கள் ஊரில் இறங்கும்போது தலை கனத்துக் கிடக்கும். ஆனாலும் நண்பர்கள் யாரும் உடனே வீட்டுக்குப் போவதில்லை. பிளாட்பாரத்தில் விழுதுவிட்டு நிற்கும் ஆலமரத்தடியில் அரை மணி நேரம் உட்காருவோம். தெற்கே மலை, முகத்தில் கணவாய்க் காற்று. பாடத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. வீட்டில் அம்மாவும், "கை கால் கழுவீட்டு வா கண்ணு, காப்பி ஆறுது" என்பதோடு சரி. மார்க்குப் பேச்செல்லாம் மறுநாள்தான்.

காரணம் தெரியாமல்தான் இதைச் செய்தோம். காரணத்தை மருத்துவம் சொல்கிறது. பரீட்சை பயம் வந்தால், புலியைக் கண்டாற்போல் உடம்பு தயாராகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் கூடுகின்றன; இதயம் வேகமாகத் துடிக்கிறது; தோளும் தாடையும் இறுகுகின்றன. பரீட்சை முடிந்தாலும் அந்த இறுக்கம் உடனே போவதில்லை. "கவலைப்படாதே" என்று மனதுக்குச் சொல்வதைவிட உடம்பைத் தளர்த்துவது எளிது. மனம் தானே பின்னால் வரும். அதற்குச் சில சிறு வழிகள்:

மூச்சு: மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்த நேரத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்து வெளியே விட வேண்டும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவது இயற்கை. ஐந்து நிமிடம் போதும்.

தசை தளர்த்தல்: அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் நூலாக எழுதிய முறையிலிருந்து வளர்ந்த பயிற்சி. படுத்துக்கொண்டு, பாதம் தொடங்கி முகம் வரை ஒவ்வொரு பகுதியாகச் சில விநாடிகள் இறுக்கிப் பிறகு விட வேண்டும். இறுக்கம் எங்கே இருந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

மரநிழல்: ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். நகரத்தில் ஆலமரம் இல்லாவிட்டாலும் பூங்கா ஒன்று இருக்கும். செல்பேசியை வீட்டில் வைத்துவிட்டு அரை மணி நேரம் நடக்கலாம்.

தூக்கம்: ஞாயிறு நண்பகல் வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கள் பாடாகிவிடும். வழக்கமான நேரத்திலிருந்து ஒரு மணிக்கு மேல் தள்ளாமல் எழுவது நல்லது.

பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள்: பிள்ளை வீடு வந்த முதல் ஒரு மணி நேரம் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். ஊரில் தாத்தா, பாட்டி, திண்ணை என்று மனம் ஆற இடங்கள் இருந்தன. வெளியூரில் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை நாம்தான்.

தூக்கமின்மை, சோர்வு, பசியின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் இவை போதா. மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2022 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஒன்றும் கேட்கவில்லை. காப்பி கொடுத்து, "வாம்மா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்றேன். பூங்காவை இரண்டு முறை சுற்றினோம். மூன்றாவது சுற்றில், "அப்பா, அந்த டெஸ்ட்ல நான் ஃபெயில்" என்றாள். "சரி, பார்த்துக்கலாம்" என்றேன். அன்றிரவு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.