பானெட்டுக்கு அடியில் 32 மில்லிமீட்டர்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெரிய எஞ்சின் பொருத்தினால் பானெட்டில் ஏன் ஒரு மேடு முளைக்கிறது, எஞ்சினைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தால் ஆகாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த மேட்டைப் பார்த்தாலே வண்டி பாயும் என்று விளம்பரங்கள் பல பத்தாண்டுகளாக நம்மை நம்பவைத்திருக்கின்றன. மேடு வண்டியைப் பாயவைப்பதில்லை. பானெட் மூடவில்லை, அதனால் மேடு. பெரும்பாலும் கதை அவ்வளவுதான். ஆனால் ஏன் மூடவில்லை என்று தோண்டினால் விஷயம் அழகாகிறது. அங்கே இடம் கேட்பது இரும்பைவிட அதிகமாகக் காற்றுதான்.

பிரிட்டனின் எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்வோம். 1962-ல் வந்த தாழ்வான சிறிய கார், 1798 சி.சி., நான்கு சிலிண்டர். அதில் ரோவரின் 3.5 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்துவது இன்றுவரை ஆர்வலர்களுக்குப் பிடித்த வேலை. வி8 எஞ்சின் உண்மையில் குட்டையானது. இரண்டு வரிசை சிலிண்டர்களும் பக்கத்துக்கொன்றாகச் சாய்ந்திருப்பதால் அகலம்தான் அதிகம். உயரம் அதன்மேல் அடுக்குவதில் வருகிறது: நடுப்பள்ளத்தின் மேல் மேனிஃபோல்டு, அதன்மேல் நான்கு தொண்டை கார்புரேட்டர், எல்லாவற்றுக்கும் மேலே வட்டமான ஏர் கிளீனர். கடைசியாக வைத்ததுதான் பானெட்டில் இடிக்கும். எனவே பலருக்கும் முதலில் தோன்றுவது, தட்டையான ஏர் கிளீனர் வாங்கி மாட்டிவிடலாம் என்பது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

விறகு எரிக்கும் மண் அடுப்பின் வாயைச் சுற்றி மூன்று குமிழ்கள் இருக்கும். பானை வாயின் விளிம்பில் உட்காராமல் அந்தக் குமிழ்களின் மேல் உட்காரும். குமிழ்களுக்கு நடுவே இருக்கும் சந்து வழியாகத்தான் தீயும் புகையும் வெளியேறும். குமிழ்கள் தேய்ந்து பானை தணிந்துவிட்டால் அடுப்பு புகையும். ஊதாங்குழலால் எவ்வளவு ஊதினாலும் தீ நின்று எரியாது. கார்புரேட்டரின் வாயும் அதற்கு மேலே நிற்கும் ஏர் கிளீனர் மூடியும் இதே ஏற்பாடுதான், காற்றின் திசை மட்டும் தலைகீழ். அடுப்பில் சந்து வழியே வெளியேறுவது, இங்கே சந்து வழியே உள்ளே இறங்குகிறது.

அப்படியானால் குமிழ் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? வாயின் பரப்பு ஒன்று. வாய்க்கும் மூடிக்கும் இடையே சுற்றிலும் திறந்திருக்கும் வளையத்தின் பரப்பு இன்னொன்று. இரண்டாவது முதலாவதைவிடக் குறைந்தால், எவ்வளவு பெரிய கார்புரேட்டர் வாங்கியும் பயனில்லை. உண்மையான வாய் அந்தச் சந்துதான். இரண்டையும் சமன் செய்து பாருங்கள். பை அடிபட்டுப்போய், வாயின் விட்டத்தில் சரியாகக் கால் பங்கு உயரம் என்று விடை நிற்கிறது. அடுப்புக்கும் கார்புரேட்டருக்கும் கிணற்று மூடிக்கும் ஒரே கணக்கு. இவ்வளவு எளிய விடை இவ்வளவு இடங்களுக்குப் பொருந்துவது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

இந்த வேலைக்குப் பலர் வாங்கும் அமெரிக்க நான்கு தொண்டை கார்புரேட்டரின் கழுத்து 5⅛ அங்குலம், அதாவது 130 மி.மீ. அதில் கால் பங்கு 32 மி.மீ. சொச்சம். இது குறைந்தபட்சம் மட்டுமே. காற்று விளிம்பில் செங்குத்தாகத் திரும்பாது. உள்பக்கம் ஒதுங்கிச் சுழன்றுதான் இறங்கும், அதனால் வளையத்தின் ஒரு பகுதி வீணாகும். 3.5 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது நொடிக்கு ஏறக்குறைய 120 லிட்டர் காற்றை இழுக்கிறது. சந்தைப் பாதியாக்கினால் அத்தனை காற்றும் இரு மடங்கு வேகத்தில் நுழைய வேண்டும். அழுத்த இழப்பு நான்கு மடங்காகும். போதாததற்கு, அந்தக் கழுத்துக்குள் மெல்லிய குழாய்கள் நிமிர்ந்து நிற்கின்றன. பெட்ரோல் கிண்ணத்துக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுசேர்ப்பவை அவை. மூடி அவற்றின் தலையை நெருக்கினால் பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதமே தடுமாறும். தட்டையான ஏர் கிளீனரின் அட்டைப்பெட்டியில் இதையெல்லாம் அச்சடிப்பதில்லை.

சரி, குமிழைத் தேய்க்கக் கூடாது. அடுப்புக்கு மேலே பரண், பானை பரணில் இடிக்கிறது. மிச்சம் இருப்பவை மூன்று வழிகள்: தரையைத் தோண்டி அடுப்பை இறக்கலாம், பரணை உயர்த்தலாம், அல்லது பக்கத்தில் தணல் வாங்கும் கொடியடுப்பு போடலாம். எம்.ஜி.பி.யில் மூன்றும் நடந்திருக்கின்றன.

தோண்டியது 1967-ல், எம்.ஜி.சி. என்ற காருக்காக. அதில் 2912 சி.சி., ஆறு சிலிண்டர், எல்லாம் ஒரே வரிசை; நீளமும் உயரமும் எடையும் கூடிய இரும்பு எஞ்சின். கீழே இறக்கினால் ஆயில் சம்ப், முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் இடித்தது. சட்டத்தையே எடுத்துவிட்டு, ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகளை வைத்து, முன்பக்கத்தை முழுதாக மாற்றினார்கள். வாசகர் கேட்ட ‘கொஞ்சம் கீழே’ என்பதன் விலை இது. இறக்க இறக்க சம்ப், ஸ்டியரிங், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் தண்டின் கோணம், தரையிலிருந்து உள்ள உயரம் என்று ஒவ்வொன்றாக வழிமறிக்கும். இத்தனைக்குப் பிறகும் பானெட் மூடவில்லை. ரேடியேட்டருக்காக ஒரு அகன்ற மேடும், கார்புரேட்டருக்காக அதன்மேல் கண்ணீர்த்துளி வடிவில் ஒரு குட்டி மேடும் வைக்க வேண்டியதாயிற்று. எஞ்சின் பழையதைவிட 95 கிலோ கூடுதல். முன்பாரத்தால் வளைவுகளில் வண்டி திரும்ப மறுக்கிறது என்று அன்றைய பத்திரிகைகள் குறை சொன்னன. 1969-ல் உற்பத்தி நின்றது.

வரலாறு இங்கே ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். ரோவரின் வி8 அமெரிக்காவில் பியூக் 1961-ல் கொண்டுவந்த அலுமினிய எஞ்சின். பியூக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1963-ல் அதைக் கைவிட, 1965-ல் ரோவர் உரிமையை வாங்கியது. அலுமினியம் என்பதால் எட்டு சிலிண்டர் இருந்தும் எம்.ஜி.பி.யின் பழைய நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினை அது எடையில் மிஞ்சவில்லை. இதைக் கண்டுகொண்டவர் கென் காஸ்டெல்லோ. 1970களின் தொடக்கத்தில் அவர் எம்.ஜி.பி.க்குள் வி8 வைத்து விற்றார். கார்புரேட்டர்கள் எஞ்சின் மேலேயே நின்றன. பானெட்டில் மேடு வைத்தார். பரணை உயர்த்தும் நேர்வழி அது, அதில் குறை ஒன்றும் இல்லை.

1973-ல் எம்.ஜி. தொழிற்சாலை தானே வி8 காரைச் செய்தபோது கொடியடுப்பு போட்டது. மேனிஃபோல்டைப் புதிதாக வார்த்து, கார்புரேட்டர்களை எஞ்சினின் தலையிலிருந்து இறக்கி, பின்னால் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தடுப்புச் சுவர்ப் பக்கம் தள்ளியது. பழைய தட்டையான பானெட் அப்படியே மூடியது. தாய் அடுப்பின் தணல் ஒரு துவாரம் வழியே கொடிக்குப் போவதுபோல, கலவை இங்கே கிடைமட்டமாக ஓடி, பிறகு எட்டுச் சிலிண்டருக்கும் பிரிகிறது. கொடியில் வைத்த பால் மெதுவாகத்தான் காயும். அதேபோல் இந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் அழுத்தத்தை விழுங்கும். அந்தக் கார் 137 குதிரைத்திறனோடு நிறைவடைந்தது. ஆனாலும் மூன்றில் என் மனம் இதைத்தான் மெச்சுகிறது. பானெட்டைத் தொடாமல் காற்றின் வழியை மாற்றிய வேலை அது.

அடுப்பையே சாய்த்தவர்களும் உண்டு. 1954-ன் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரில் ஆறு சிலிண்டர் எஞ்சின் 50 டிகிரி சாய்ந்து படுத்திருந்தது. எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்ததால் ஆழமான சம்ப்பும் தேவைப்படவில்லை.

இனி மேட்டில் வாய் திறந்த ஸ்கூப். ஓடும் வேகத்தில் காற்று எஞ்சினுக்குள் திணிக்கப்படும் என்பது விளம்பர வாக்கு. 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றை முழுவதுமாக நிறுத்திப் பிடித்தாலும் கிடைக்கும் கூடுதல் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் ஸ்கூப்பால் வேறொரு நன்மை இருக்கிறது. பானெட்டுக்குள் வெந்து 60 டிகிரியில் கிடக்கும் காற்றுக்குப் பதில் வெளியே உள்ள 30 டிகிரிக் காற்றைக் கொடுத்தால், அதே கன அளவில் பத்து சதவீதம் கூடுதல் காற்று உள்ளே போகும். 1969-ன் அமெரிக்கக் காரான கமாரோவின் ஸ்கூப் பின்பக்கம், கண்ணாடியை நோக்கித் திறந்தது. கண்ணாடியில் மோதித் தேங்கும் காற்றால் அந்த அடிவாரத்தில் அழுத்தம் சற்று அதிகம், காற்றும் குளிர்ச்சி. முன்னால் வாய் பிளந்து நின்று மிரட்டும் ஸ்கூப்களைவிட அது நேர்மையான பொறியியல்.

எவ்வளவு இடம் இருக்கிறது என்று அறியக் கருவி ஏதும் வேண்டாம். ஏர் கிளீனர் மூடியின் மேல் நான்கைந்து இடத்தில் களிமண் உருண்டை வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளக்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் நிற்பதால், ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஒரு பக்கமாகத் துள்ளும். ஆகவே எங்கும் 25 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது. குறைந்தால் முதலில் நைந்த மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள், அடுத்து தாழ்வான மேனிஃபோல்டு கிடைக்குமா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் தயங்காமல் பானெட்டில் மேடு வையுங்கள். மூடிக்கும் கார்புரேட்டர் வாய்க்கும் இடையே உள்ள 32 மி.மீ.யில் மட்டும் கை வைக்க வேண்டாம்.