திறந்த நாடி எத்துணைக் காலம் திறந்திருக்கும்?

மனிதன் நடக்கும்போது தன் காலைப் பற்றி எண்ணுவதில்லை. கோயில் வீதியைச் சுற்றி வருகையிலும், சந்தையிலிருந்து சுமையுடன் திரும்புகையிலும், கால் தன் கடமையைச் சொல்லாமலே செய்துகொண்டிருக்கிறது. ஆனால், ஐம்பது அறுபது வயதை எட்டிய சிலருக்குச் சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்காலைப் பிடித்து நிறுத்துவது போன்றதொரு வலி தோன்றுகின்றது. சற்று நின்றால் நீங்குகின்றது. மீண்டும் நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மீண்டும் வருகின்றது. முதுமையென்றும் வாதமென்றும் இதனைத் தள்ளிவிடுவோர் பலர். இருதயத்திலிருந்து காலுக்கு இரத்தங் கொண்டுவரும் குழாய்களாகிய நாடிகள், கொழுப்பும் சுண்ணமும் படிந்து ஒடுங்கிவிட்டமைக்கு இஃது ஓர் அறிகுறியாகலாம். அடைப்பு முற்றினால், படுத்திருக்கும் போதும் பாதம் வலிக்கும். சிறு புண்ணும் ஆறாது. விரல்கள் கறுத்து அழுகவுங்கூடும்.

இத்தகையோர் பலருக்கு இக்காலத்து வைத்தியர்கள் ‘அஞ்சியோபிளாஸ்ரி’ என்னும் சிகிச்சையைச் செய்கின்றனர். அரையிலுள்ள நாடியினூடாக மெல்லிய கம்பியொன்றைச் செலுத்தி, அதன்மேற் சிறு பலூனை ஒடுங்கிய இடத்துக்குக் கொண்டுசென்று, அதனை விரித்து வழியைத் திறப்பதே இதன் முறை. உடலைப் பெரிதாக வெட்டுவதில்லை. நோயாளி விரைவில் வீடு திரும்புகின்றார். அப்பொழுது வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்றே: ‘இனிப் பயமில்லைத்தானே?’ அக்கேள்விக்குரிய விடையை ஈண்டு ஆராய்வோம்.

ஓறிகனில் ஒரு மூதாட்டி

இச்சிகிச்சையின் வரலாறு 1964ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் தொடங்குகின்றது. அமெரிக்காவின் ஓறிகன் மாகாணத்துப் போட்லண்ட் நகரில், 82 வயது மூதாட்டி ஒருவரின் பாதம் இரத்தமின்றி அழுகத் தொடங்கியிருந்தது. காலை வெட்டவேண்டும் என்றனர் வைத்தியர், அவர் இணங்கவில்லை. சாள்ஸ் டொற்றர் என்னும் கதிரியல் வைத்தியர், ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருத்த குழாய்களைச் செலுத்தி, அவருடைய தொடை நாடியின் ஒடுக்கத்தை அகலப்படுத்தினார். பாதம் சூடு பெற்றது, வலி நீங்கியது. இரண்டரை ஆண்டுகளின் பின் அம்மூதாட்டி வேறு நோயால் இறக்கும் வரையில் அந்நாடி திறந்தே இருந்தது. அவரும் தம் சொந்தக் கால்களாலேயே நடந்தார்.

டொற்றரின் முறையை அவர் நாட்டினரினும் ஐரோப்பியரே முதலிற் போற்றினர். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் அந்திரேயாஸ் குறூன்ற்சிக் என்னும் வைத்தியர், தம் வீட்டுச் சமையலறை மேசையிற் பலூன்களைச் செய்து பார்த்து, 1974இல் அவற்றைக் கால் நாடிகளிற் பயன்படுத்தினார். 1977இல் அதே முறை இருதய நாடியிலும் வெற்றி கண்டது. இன்று இருதயத்துக்குச் செய்யும் சிகிச்சையாகவே பலர் அறிந்துள்ள இது, முதலிற் காலிலேதான் பிறந்தது.

இடத்துக்கு இடம் வேறுபாடு

திறந்த வழி எத்துணைக் காலம் திறந்திருக்கும் என்பது, அடைப்பு எவ்விடத்தில் உள்ளது என்பதைப் பெரிதும் பொறுத்தது. இடுப்பு நாடி அகன்றது. இரத்தம் விரைந்து பாய்வது. ஆகவே அங்கே செய்த சிகிச்சை பெரும்பாலோர்க்கு ஐந்தாண்டுகளின் பின்னும் நிலைத்திருக்கின்றது. தொடை நாடியோ ஒவ்வோரடிக்கும் வளைந்தும் முறுகியும் நீண்டும் அல்லற்படுவது. முழங்காலுக்குக் கீழுள்ளவை மிக மெல்லியவை. நீரிழிவுடையோரிடத்து இவையே பெரும்பாலும் அடைபடுகின்றன. விரைவில் மீண்டும் ஒடுங்குபவையும் இவையே.

மீண்டும் ஒடுங்குவது ஏன்? பலூன் விரியும்போது நாடியின் உட்சுவர் கிழிகின்றது. உடல் அக்காயத்தை ஆற்ற முயன்று, தழும்பு போன்ற தசையை வளர்க்கின்றது. ஆற்றும் தொழிலே அளவு கடந்து மீண்டும் அடைப்பாகிவிடுகின்றது. இது பெரும்பாலும் முதல் ஓராண்டினுள் நிகழ்வது.

வியன்னா நகரில் 104 நோயாளரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டிற்று. தொடை நாடியைப் பலூனால் மட்டும் திறந்தவர்களில் நூற்றுக்கு 63 பேருக்கு ஓராண்டினுள் மீண்டும் ஒடுக்கம் கண்டது. ‘ஸ்ரென்ற்’ எனப்படும் உலோக வலைக்குழாயை உள்ளே வைத்தவர்களில் அது 37 ஆகக் குறைந்தது. பின்னர், தழும்பு வளராமல் தடுக்கும் பக்ளிரக்சல் என்னும் மருந்தைப் பூசிய பலூன்கள் வந்தன. அம்மருந்தால் மரணம் மிகுமோ என்று 2018இல் ஓர் ஐயம் எழுந்து உலகெங்கும் வைத்தியரைக் கலக்கியது. மேலும் ஆராய்ந்த அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், கிடைத்துள்ள தரவுகள் அவ்வையத்துக்கு ஆதாரந் தரவில்லையென 2023இல் அறிவித்தது.

இவ்வெண்களைக் கண்டு வாசகர் மனந்தளர வேண்டியதில்லை. தோலின் நலத்தைப் பேணுவதற்குத் தேவையான இரத்தத்தைவிடப் புண்ணை ஆற்றுவதற்குத் தேவையான இரத்தம் மிக அதிகம். நாடி சில மாதங்கள் திறந்திருந்து, அக்காலத்துட் புண் ஆறிவிட்டால், பின்னர் அது மெல்ல ஒடுங்கினும் பலருடைய கால் தப்பிவிடுகின்றது. ஆதலால், காப்பாற்றப்பட்ட கால்களின் தொகை திறந்திருக்கும் நாடிகளின் தொகையிலும் எப்பொழுதும் மிகுதியே.

பலூனா, சத்திரசிகிச்சையா?

காலிலுள்ள நாளமொன்றை எடுத்து, அடைப்பைத் தாண்டி இரத்தம் செல்ல மாற்றுவழி அமைக்கும் சத்திரசிகிச்சையும் உண்டு. இவ்விரண்டினுள் எது மேல் என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. கால் இழக்கும் நிலையிலிருந்த 1830 பேரை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த பெஸ்ற் ஆய்வில், நல்ல நாளம் உடையவர்க்கு மாற்றுவழியே சிறந்த பயன் தந்தது. முழங்காலுக்குக் கீழ் அடைப்புள்ள 345 பேரை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வோ பலூன் முறையையே முன்வைத்தது. ஆகவே, அயலவர் ஒருவருக்கு நன்மை செய்தது நமக்கும் செய்யுமென எண்ணுதல் பொருந்தாது. நோயாளியின் வயது, இருதய வலிமை, நாளத்தின் தரம், அடைப்பின் நீளம் ஆகியவற்றை வைத்தியர் நோக்கியே முடிவு கூறவேண்டும்.

நடக்கும்போது மட்டும் வலியுள்ளவர் அவசரப்படுவதற்கு இடமில்லை. இவர்களுள் ஐந்தாண்டில் காலை இழப்போர் நூற்றுக்கு ஐவரிலுங் குறைவு. இடுப்பு நாடி அடைபட்ட 111 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், மேற்பார்வையுடன் நடைப்பயிற்சி செய்தோர் ஆறு மாதத்தில் முன்னையிலும் ஏறக்குறைய ஆறு நிமிடம் கூடுதலாக நடந்தனர். ஸ்ரென்ற் வைத்தோர்க்குக் கிடைத்தது நான்கு நிமிடத்திலுங் குறைவு. வலி வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடத்தல் என்பதே அப்பயிற்சி.

காலைக் காத்து உயிரை மறக்கலாமா?

எல்லாவற்றிலும் முக்கியமானதொன்றைப் பிரித்தானியாவின் பழைய ஆய்வொன்று உணர்த்துகின்றது. காலுக்குப் பேராபத்து நேர்ந்த 452 பேரைப் பலூனுக்கும் மாற்றுவழிக்குமாகப் பிரித்து ஆராய்ந்து, 2005இல் அதன் முடிவை வெளியிட்டனர். தொடர்ந்து கவனித்த காலத்தின் இறுதியில் 248 பேர் காலோடு உயிர் வாழ்ந்தனர். காலிழந்தவர் 74 பேர். இறந்தவரோ 166 பேர். அவர்களுள் 130 பேர் கால் வெட்டப்படாமலே இறந்தவர்கள்.

கால் நாடியை அடைத்த நோய் காலோடு நிற்பதன்று. இருதயத்திலும் மூளையிலும் உள்ள நாடிகளிலும் அதுவே படிந்துகொண்டிருக்கின்றது. பலூன் திறப்பது ஓரிடத்தை மட்டுமே. ஏனைய இடங்களைக் காப்பது நோயாளியின் அன்றாட ஒழுக்கமாகும். வைத்தியசாலையிலிருந்து திரும்பிய மகிழ்ச்சியில் மீண்டும் சுருட்டைப் பற்றவைப்பவர், திறந்த வழியைத் தம் கையாலேயே அடைக்கின்றார். சிகரெட்டுக்கும் இது பொருந்தும். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்துதல், கொலஸ்திரோலைக் குறைக்கும் மருந்தையும் இரத்தம் உறையாமைக்கான மருந்தையும் வைத்தியர் சொன்னவாறு விடாது உட்கொள்ளல், குறித்த நாளிற் சென்று காலைக் காட்டுதல் என்பனவும் சிகிச்சையின் பாகங்களே.

இங்கே வீட்டாருக்கும் பங்குண்டு. நீரிழிவால் உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் குத்தினாலும் தெரிவதில்லை. கோயில் மணலில் வெறுங்காலுடன் நடந்து வந்த பெரியவரின் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் மகனோ மகளோ நாள்தோறும் ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று. கறுப்போ, குளிர்ச்சியோ, ஆறாத புண்ணோ காணின், அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

‘இனிப் பயமில்லைத்தானே?’ என்ற கேள்விக்கு நாம் கூறக்கூடிய விடை இதுவே: வைத்தியர் திறந்து தருவது சில ஆண்டுக்கால அவகாசம், அதனை நீட்டிக்கும் பொறுப்புப் பெரும்பாலும் நோயாளியையும் வீட்டாரையுமே சேர்ந்தது.