விமானம் திக்கித் திக்கிப் பறக்கிறதா? புதிய கார்டு வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

நம் உறுப்பினர்கள் பலருடைய வீடுகளில் இன்று கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதற்கு ஃபிளைட் சிமுலேட்டர் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1982-இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. 2020-லும் 2024-லும் வந்த பதிப்புகளில் உலகம் முழுவதையும் திரையில் பறந்து பார்க்கலாம். படம் தடங்கித் தடங்கி ஓடினால், "கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டும்" என்று பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். அதன் விலையோ பல ஆயிரம். உயர்ந்த ரகம் லட்சத்தையும் தாண்டும். கையிருப்பைப் பார்க்காமல் புதுச் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கிற வழக்கம் நமக்கில்லை. இதிலும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

செலவில்லாத சோதனைகள்

மானிட்டரின் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கார்டில் செருக வேண்டியதை மதர்போர்டில் செருகியிருந்தால், விலை கொடுத்து வாங்கிய கார்டு பெரும்பாலும் சும்மாவே கிடக்கும். அடுத்தது தூசி. கடையோடு சேர்ந்த வீடுகளில் மாவுத்தூசியும் மிளகாய்த்தூளும் மின்விசிறியை அடைத்துவிடும். சூடு ஏறினால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்து சுத்தம் செய்தாலே பாதிக் குறை தீர்வதுண்டு.

யார் வேலை எது?

ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பேர் உழைக்கிறார்கள். விமானம் எங்கே இருக்கிறது, காற்று எப்படி வீசுகிறது, எந்தெந்தக் கட்டடம் தெரிய வேண்டும் என்று கணக்கிடுவது பிராசஸர். அதைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. கடையில் சீட்டு எழுதுபவரையும் பொட்டலம் கட்டுபவரையும் போல என்று வைத்துக்கொள்ளலாம். சீட்டு வரத் தாமதமானால், பொட்டலம் கட்ட இன்னும் இரண்டு ஆள் போட்டும் கூட்டம் குறையாது.

யாரால் தாமதம் என்பதை விளையாட்டே சொல்லும். ஜெனரல் ஆப்ஷனில் டெவலப்பர் மோடை இயக்கி, எஃப்.பி.எஸ். காட்டியைப் போடுங்கள். மெயின் த்ரெட் என்று வந்தால் தடை பிராசஸரில். ஜி.பி.யு. என்று வந்தால் தடை கார்டில். முதலாவது வந்தால், கார்டு வாங்கும் பணத்தால் பலன் மிகக் குறைவு.

கார்டில் தடை என்றால்

1920-க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 4கே எனப்படும் 3840-க்கு 2160 திரையில் 82,94,400 புள்ளிகள். அதாவது சரியாக 4 மடங்கு வேலை. ரெண்டர் ஸ்கேலிங்கை 100-லிருந்து 80-க்குக் குறைத்தால், நீளம் அகலம் இரண்டும் குறைந்து 64 சதவீதப் புள்ளிகளே மிஞ்சும். அடுத்து மேகம். அல்ட்ராவிலிருந்து ஹைக்கு ஒரு படி இறக்கினாலே நல்ல வேகம் கிடைக்கும். கண்ணுக்கு வித்தியாசம் குறைவு. என்விடியா ஆர்.டி.எக்ஸ். கார்டுகளில் டி.எல்.எஸ்.எஸ். வசதியும் உண்டு. வேகம் கூடும், ஆனால் விமானி அறைத் திரைகளின் எழுத்து சற்று மங்கலாம்.

பிராசஸரில் தடை என்றால்

டெரெயின் லெவல் ஆஃப் டீடெயில் 200-இல் இருந்தால் 100-க்கு இறக்குங்கள். தொலைவிலுள்ள நிலத்துக்குப் போடும் கணக்கு குறையும். விமான நிலையத்து வண்டிகள், நிறுத்திவைத்த விமானங்கள், வானில் பறக்கும் மற்ற விமானங்கள் ஆகியவற்றையும் குறைக்கலாம்.

கார்டின் நினைவகம்

நினைவகம் என்பது கல்லாவுக்குப் பக்கத்திலுள்ள அலமாரி. அதில் இடமில்லாத சரக்குக்குக் கிடங்குக்கு ஆள் ஓட வேண்டும். அந்த நேரத்தில்தான் படம் திடீரென்று நின்று நின்று வரும். அப்போது டெக்ஸ்சர் ரெசல்யூஷனைக் குறைக்க வேண்டும். 2020 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் குறைந்தபட்சம் 2 ஜி.பி., பரிந்துரையாக 4 ஜி.பி., உயர்தரத்துக்கு 8 ஜி.பி. கார்டு நினைவகம் என்று அறிவித்தது.

வேகத்தைவிடச் சீர் முக்கியம்

சாதாரண மானிட்டர் விநாடிக்கு 60 முறை படத்தை மாற்றுகிறது. ஒருமுறை 45, ஒருமுறை 28 என்று படங்கள் வந்தால் கண் உறுத்தும். வி-சிங்க்கைப் போட்டு 30-இல் கட்டிவிட்டால், ஒவ்வொரு படமும் மானிட்டரின் இரண்டு சுற்றுக்குச் சரியாக நிற்கும். விமானம் மெதுவாகத் திரும்பும் இவ்விளையாட்டுக்கு 30 போதுமானது. கார்டின் சூடும் மின்செலவும் குறையும்.

சோதிக்கும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே விமானம், அதே விமான நிலையம், அதே நேரம், அதே வானிலை வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எடைக்கல்லை மாற்றி மாற்றி வைத்தால் நிறுத்த கணக்கு நிற்காது அல்லவா? நெரிசலான ஒரு பெருநகர விமான நிலையத்தில் சோதிப்பது நல்லது. அங்கே சீராக ஓடினால் பெரும்பாலும் எங்கும் ஓடும்.

இவ்வளவும் செய்தபிறகும் தடை கார்டில்தான் என்று தெரிந்தால், தாராளமாக வாங்கிக் கொடுங்கள். வாங்கும்போது இரண்டைக் கேளுங்கள். பெட்டியிலுள்ள பவர் சப்ளை புதுக் கார்டைத் தாங்குமா? யூ.பி.எஸ். தாங்குமா? பில் போடும் கம்ப்யூட்டருக்கு நாம் வைக்கும் 600 வி.ஏ. யூ.பி.எஸ். பொதுவாக 360 வாட் அளவே தரும். ஆர்.டி.எக்ஸ். 2080 கார்டு ஒன்றே 215 வாட் எடுக்கும். மற்றொன்று, கடைக் கணக்கு உள்ள கம்ப்யூட்டரில் இந்தச் சோதனைகள் எதையும் செய்ய விடாதீர்கள். அதைத் தவிர வழியில்லை என்றால், கணக்குகளைத் தனியாக நகல் எடுத்து வைத்த பிறகே கை வைக்கச் சொல்லுங்கள்.