எல்லா இரவுகளும் பார்க்க வேண்டிய கூத்து

பங்குனி பிறந்துவிட்டால் பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துக் கிராமங்களில் “எந்த ஊர்ல பாரதம் வெச்சிருக்காங்க?” என்ற விசாரிப்பு ஆரம்பிக்கும். திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பிற்பகலில் வில்லிபாரதத்தை வைத்துச் சொற்பொழிவு. இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. ஊர் மாறி ஊராக ஆடி வரை நீளும் பருவம் இது.

டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் பகலெல்லாம் உழைத்தவர்கள் பாயோடு வந்து கூத்து நடக்கும் களரியைச் சுற்றி உட்காருகிறார்கள். கதை அத்தனை பேருக்கும் தெரியும். கர்ணன் சாவான் என்பதல்ல, இந்த ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், கர்ணன் எப்படிச் சாகிறான் என்பதே அவர்களுக்கு முக்கியம். இதைவிடத் தேர்ந்த ரசிகர்களை எந்த நகரத்து அரங்கிலும் நான் கண்டதில்லை.

திரைப் பிரவேசத்தைக் கவனியுங்கள். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்றபடி வேஷக்காரர் தன் பெருமையைத் தானே பாடுகிறார். கண்ணாடித் துண்டு பதித்த கட்டைக் கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரிகிறது. முகவீணையும் மிருதங்கமும் உச்சத்துக்கு ஏற, கட்டியக்காரன் வம்பிழுக்க, திரை விலகியதும் துரியோதனன் சலங்கை அதிரச் சுழன்று வருவார். காத்திருக்க வைத்துக் காட்டும் இந்தக் கலைக்கு ஈடில்லை.

1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் நடிகர்களுக்குத் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரான் இக்கலையைக் கற்றுக்கொடுத்தார். நவீன நாடகத்துக்கு அது பெரிய கொடை. ஆனாலும் சபா மேடைக்கென ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கிய கூத்தில் என் மனம் நிறைவதில்லை.

காரணம் இதுதான்: ‘பகடை துகில்’ இரவில் அவிழ்கிற திரௌபதியின் கூந்தல், அடுத்தடுத்த இரவுகளிலும் அவிழ்ந்தே கிடக்கிறது. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிறான், கிருஷ்ணன் தூது போகிறான், அபிமன்யு விழுகிறான். அவள் சபதம் மட்டும் முடியவில்லை. பதினெட்டாம் போர் விடிகிற காலையில் கூத்து களரியை விட்டிறங்கிப் படுகளத்துக்குப் போகிறது. அங்கே மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்த துரியோதனன் படுத்திருக்கிறான். பீமன் தொடையை அடிக்க, திரௌபதி கூந்தலை முடிகிறாள். அன்றைக்கு மட்டும் வந்தவருக்கு அது மண் பொம்மை. எல்லா இரவும் விழித்தவருக்கு, கூடவே சுமந்த சபதம் நிறைவேறுகிறது.

மாலையில் தீமிதி, பிறகு தருமர் பட்டாபிஷேகம். அது முடிந்ததும் கூத்து வாத்தியாரிடம் கேட்டுவிடுங்கள், ஜமா அடுத்து எந்த ஊருக்குப் போகிறதென்று.