ஒரு லிட்டர் பெட்ரோலும் இரண்டேகால் கிலோ வாயுவும்

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். அதை முழுவதும் எரித்தால் வெளிவரும் கரியமில வாயுவின் எடையோ சுமார் 2,300 கிராம்! முக்கால் கிலோ எரிபொருளிலிருந்து இரண்டேகால் கிலோவுக்கும் மேற்பட்ட வாயு எப்படி வந்தது? பொருள் அழியா விதி பொய்த்துவிட்டதா?

இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 630 கிராம் கார்பன் உள்ளது. எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கார்பனின் அணு எடை 12. கரியமில வாயுவின் மூலக்கூறு எடை 44. ஆகவே 630-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2,310 கிராம் கிடைக்கிறது. கூடுதல் எடை காற்று தந்ததே.

இவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எனவே, புகை கக்காத வண்டியை மாசற்ற வண்டி என்று எண்ணிவிடுகிறோம். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய வண்டிகளுக்கு பி.எஸ்.-6 விதிகள் நடைமுறையில் உள்ளன. பெட்ரோல் வண்டியின் புகைக்குழாயில் பொருத்தப்படும் வினையூக்கி மாற்றி, நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாக மாற்றுகிறது. நம் மூச்சுக்கு இது பெரும் நன்மை. ஆனால் புவியின் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு குறைய வேண்டுமானால், எரிக்கும் எரிபொருளே குறைய வேண்டும்.

பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கே சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சியதெல்லாம் வெப்பமாக வீணாகிறது. மின்மோட்டாரோ தான் பெறும் ஆற்றலில் 80 விழுக்காட்டுக்கு மேல் இயக்கமாக மாற்றிவிடும். ஆயினும் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து. சராசரியாக ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது.

இனி கணக்குப் போடுவோம். ஒருவர் ஒரு கிலோமீட்டர் செல்வதால் எவ்வளவு வாயு வெளியாகும்? (வண்டி ஓடுவதற்கு ஆகும் கணக்கு மட்டுமே இது.)

லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காரில் தனியே சென்றால் 154 கிராம்.
லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் ஸ்கூட்டரில் தனியே சென்றால் 51 கிராம்.
100 கி.மீ.க்கு 3.5 யூனிட் செலவாகும் மின் ஸ்கூட்டரில் தனியே சென்றால் சுமார் 25 கிராம்.

இப்போது டீசல் பேருந்துக்கு வருவோம். ஒரு லிட்டர் டீசல் சுமார் 2,700 கிராம் வாயுவைத் தரும். லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் பேருந்தில் 50 பேர் இருந்தால், ஒருவர் பங்கு 14 கிராமுக்கும் குறைவு! மின் ஸ்கூட்டரைவிட நிரம்பிய டீசல் பேருந்து மேல் என்பது வியப்பல்லவா?

அதே பேருந்தில் 5 பேரே இருந்தால்? ஒருவர் பங்கு 135 கிராம். ஏறத்தாழ காருக்குச் சமம். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. பயணிகள் குறைந்தால் அத்தடத்தில் பேருந்துகள் குறையும். பேருந்துகள் குறைந்தால் மேலும் பலர் ஸ்கூட்டர் வாங்குவர். வண்டி வாங்க வசதியற்றவர் நிறுத்தத்திலேயே காத்து நிற்பார்.

ஆகவே வழிகள் இரண்டு: ஆற்றலை வீணாக்காத எந்திரம், பலர் சேர்ந்து செல்லும் பயணம். இவ்விரண்டும் இணைந்ததே மின்ரயில். சென்னையில் கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931-லேயே அது ஓடத் தொடங்கிவிட்டது! சைக்கிளுக்கோ எரிபொருளே தேவையில்லை.

உங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் பள்ளிக்கு எப்படி வருகிறார், எத்தனை கிலோமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள எண்களைக் கொண்டு ஒரு வாரக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். பிறகு, யார் யார் பேருந்துக்கோ சைக்கிளுக்கோ மாறினால் அது எவ்வளவு குறையும் என்று கணக்கிடுங்கள். விடையை வகுப்புக் கரும்பலகையில் எழுதிவையுங்கள்.