பெயர் பொறிக்கும் கடன்

செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், படைச்செருக்கிற்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணுவார்க்கு ஒரு வினா எழும். பிறர்பொருட்டுப் படைக்கலம் ஏந்திச் சென்றவனுக்கு, வீட்டிலிருந்து உயிர் வாழ்ந்தோர் செலுத்தத்தக்க நன்றி யாது? பொன்னும் நிலமும் நல்குதல் வேந்தர் கடன். ஊராரும் உற்றாரும் ஆற்றத்தக்கது வேறொன்று. அஃது அவன் பெயர் அழியாவண்ணம் எழுதிவைத்தலாம்.

பழந்தமிழர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அறுவகைப்படுத்திக் கூறுகின்றது தொல்காப்பியப் புறத்திணையியல். தக்க கல்லைத் தேடிக் காணல், அதனைக் கொணரல், நீராட்டல், நடுதல், படையலிடல், வாழ்த்தல் என ஒருவன் பொருட்டு இத்துணைச் செயல்கள் நிகழ்ந்தன. அக்கல்லில் அவன் பெயரும் பெருமையும் பொறிக்கப்பட்டமையைச் சங்கச் செய்யுட்களும் சொல்லும்.

இவை புலவர்தம் கற்பனை என்பார்க்குக் கல்லே விடை கூறுகின்றது. தமிழ்நாட்டிலே, தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 ஆம் ஆண்டு தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோட் பூசலில் மாண்ட தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்தது. கிறித்துவுக்கு முற்பட்டது என ஆய்வாளர் கூறும் அக்கல்லில் எந்த மன்னன் பெயரும் இல்லை; மாண்டவன் பெயரும் ஊரும் உள்ளன. முதலாம் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லோ, வீரனோடு அவன் நாயையும் உருவமாக்கி, கோவிவன் என்னும் அதன் பெயரையும் தாங்கி நிற்கின்றது. காத்து நின்ற நாய்க்கும் நன்றி மறவாத நெஞ்சம் அது!

இனி, அண்மைக்கால வரலாற்றை நோக்குவோம். 1815 இல் வாட்டர்லூக் களத்தில் மாண்ட எளிய படைஞர் பெரும்பாலோர் பெயரின்றிப் பொதுக்குழிகளிற் புதைக்கப்பட்டனர். நூறாண்டு கழித்து முதலாம் உலகப்போர் மூண்டபோது, இந்நிலை மாறவேண்டும் என்று முயன்றவர் பேபியன் வெயர் என்னும் ஆங்கிலேயர். அவர் முயற்சியால் 1917 இல் பேரரசுப் போர்க்கல்லறை ஆணைக்குழு நிறுவப்பெற்றது. படைத்தலைவனாயினும் கடைநிலை வீரனாயினும் ஒரே அளவான கல். இனத்தாலும் சமயத்தாலும் ஏற்றத்தாழ்வு இல்லை. உடல் கிடைக்காதார் பெயரும் நினைவுச் சுவரிற் பொறிக்கப்படும் என்பன அதன் கொள்கைகள். கல்லின் அடியிற் குடும்பத்தார் தம் சொல்லாக அறுபத்தாறு எழுத்துக்குள் ஒரு வாசகம் பொறிக்கலாம். ஒரு தாயின் துயர் அறுபத்தாறு எழுத்துக்குள் அடங்குமோ? அடங்காது; ஆயினும் அதுதானும் இல்லாதார்க்கு அது பெரும்பேறு.

இம்முறையைக் காண நாம் கடல் கடக்கவேண்டியதில்லை. திருக்கோணமலையில் நிலாவெளி வீதியோரம் அத்தகைய போர்க்கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் தாக்கிய நகர் அது. தம் நாட்டிலிருந்து நெடுந்தொலைவில் மாண்டோர் பெயர்களை அங்கு ஒருவர் நின்று படித்தற்கு இயலும்.

ஆயினும், வகுத்த கொள்கை எல்லார்க்கும் நடந்ததா? அவ்வாணைக்குழுவே 2021 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை இல்லை என்கின்றது. முதலாம் உலகப்போரில் மாண்ட ஆபிரிக்கர், இந்தியர் முதலியோருள் 45,000 முதல் 54,000 வரையானோர் ஏனையோர்க்கு நிகராக நினைவுகூரப்படவில்லை. மேலும் 116,000 பேரேனும் பெயர் பொறிக்கப்படாமலோ, அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர். இத்தொகை 350,000 வரை செல்லவுங்கூடும். கல்லறைக் கல்லின் பொருள் அம்மக்களுக்கு விளங்காது என்று கருதிய அதிகாரிகளும் அக்காலத்திருந்தனர். ஆநிரைப் பூசலில் மாண்டவனுக்கு ஈராயிரம் ஆண்டின் முன்னரே எழுத்துப் பொறித்த மக்களும் அப்பேரரசின் குடிகளாகவே இருந்தனர் என்பதை அவர் எண்ணினாரில்லை. ஆணைக்குழு இப்போது பிழைக்கு வருந்திப் பெயர்களைத் தேடுகின்றது. நூறாண்டின் பின் பெயர் தேடுவது எத்துணை அரிது! எழுதிவைத்தார் இல்லாவிடத்து எதனைத் தேடுவது?

இங்கேதான் நம் கடன் தொடங்குகின்றது. இரண்டாம் உலகப்போரில் இலங்கையரும் பலர் தாமே விரும்பிப் படையிற் சேர்ந்து கடல் கடந்தனர். அப்போர் முடிந்து எண்பது ஆண்டுகள் கழிந்தன. களத்தில் மாண்டவனுக்குக் கல்லேனும் கிடைத்தல் கூடும். மீண்டு வந்து, கடை வைத்தும் வயல் உழுதும் முதுமையடைந்து மறைந்தவனுக்கு அதுவும் இல்லை. பெட்டியடியிற் கிடக்கும் பதக்கம் யாருடையது என்பதைப் பேரப்பிள்ளைகள் அறியார். அவன் மீளும்வரை குடும்பத்தைத் தாங்கிய மனைவியின் பெயரை எந்தப் பதக்கமும் கூறாது.

போரைப் புகழ்தல் வேறு. போருக்குச் சென்றவனை மறவாமை வேறு. முன்னையதை வெறுப்போரும் பின்னையதைச் செய்தல் கூடும். ஆசிரியர்களே, மாணவர்களே, உங்கள் குடும்பத்தில் அவ்வாறு சென்றார் உளராயின், அவர் முழுப்பெயர், சேர்ந்த படைப்பிரிவு, சென்ற நாடு, சென்ற ஆண்டு, மீண்ட ஆண்டு, காத்திருந்தோர் பெயர் ஆகியவற்றை அறிந்த முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதிவையுங்கள். அதற்குக் கல்லும் வேண்டா, உளியும் வேண்டா. ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.